வரலாற்றில் இன்று: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அம்மாபேட்டைப் பக்கம் ஒரு படிப்பகத்தின் வாசல் பலகையில் தினமும் 'வரலாற்றில் இன்று' எழுதி வருகிறேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தறி வேலைக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்திப் படிப்பவர்கள் என்று யார் கேட்டாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டுப் பதிலை எழுதியிருக்கிறேன். முதலில் எளியவை, போகப் போகச் சிக்கலானவை.

"வரலாற்றில் இன்று"ன்னா என்னங்க? போன வருஷம் இதே நாள்ல நடந்ததா?

மாதமும் தேதியும் ஒன்றாக இருந்தால் போதும். ஆண்டு எதுவாகவும் இருக்கலாம். போன வருடத்துச் செய்தியும் வரலாம், இருநூறு வருடத்துக்கு முந்தையதும் வரலாம்.

பிப்ரவரி 11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1950-ல் அன்றைக்குத்தான் சேலம் மத்தியச் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். பெரும்பாலோர் மலபாரிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். நாடு குடியரசாகி 16 நாள்தான் ஆகியிருந்தது. அதே பிப்ரவரி 11-ல், 1990-ல், தென்னாப்பிரிக்காவில் நெல்சன் மண்டேலா 27 ஆண்டுச் சிறைவாசம் முடிந்து மனைவியின் கையைப் பிடித்தபடி வெளியே நடந்து வந்தார். இதற்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்த வரியில் படித்துவிட்டு அஸ்தம்பட்டி வழியாகப் போகிறவருக்கு, தினமும் பார்க்கிற அந்தச் சிறை மதில் அன்றைக்கு வேறாகத் தெரியும். இந்தப் பலகையை எழுதுவதே அதற்காகத்தான்.

எல்லாம் டெல்லி, லண்டன்னே வருதே, நம்ம சேலத்துக்குன்னு நாள் இருக்கா?

தாராளமாக இருக்கிறது. 1792 மார்ச் 18-ல் கையெழுத்தான ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையால்தான் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாராமகாலும் (இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயின. அலெக்சாண்டர் ரீட் நிர்வாகத்தை ஏற்றார். பிறகு சென்னை மாகாண ஆளுநரான தாமஸ் மன்றோ அப்போது அவருக்குக் கீழே உதவியாளராக இருந்தவர். அதே மார்ச் 18-ல், 1922-ல், அகமதாபாத் நீதிமன்றம் காந்திக்கு ஆறாண்டு சிறைத்தண்டனை விதித்தது.

1944 ஆகஸ்ட் 27-ல் சேலத்தில் கூடிய நீதிக்கட்சி மாநாட்டில்தான், அண்ணா கொண்டுவந்த தீர்மானத்தின்படி அந்தக் கட்சி திராவிடர் கழகம் ஆனது. கிரிக்கெட் பார்க்கிற பிள்ளைகளுக்கு அதே தேதியில் இன்னொரு பெயர்: டான் பிராட்மன், பிறப்பு 1908 ஆகஸ்ட் 27. சேலத்துக்காரரான விஜயராகவாச்சாரியார், 1920 நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர், 1944 ஏப்ரல் 19-ல் காலமானார். இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டா விண்ணுக்குப் போனது 1975 ஏப்ரல் 19-ல். மேட்டூரும் சங்ககிரியும் தனித்தனிக் கேள்விகளாகவே வருவதால் கீழே பார்க்கலாம்.

அக்டோபர் 1 அன்னிக்கு மட்டும் பலகையில இடமே பத்தலியே, ஏன்?

கவனித்துக் கேட்ட கேள்வி. இந்தியா முழுமைக்குமான அஞ்சல் தலைகள் 1854 அக்டோபர் 1-ல் வெளியாயின. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக நம் சேலம் மாவட்டத்தில் 1937 அக்டோபர் 1-ல் அமலானது. மக்கள் சீனம் அறிவிக்கப்பட்டது 1949 அக்டோபர் 1. ஆந்திரா தனி மாநிலமானது 1953 அக்டோபர் 1.

இதில் மர்மம் எதுவுமில்லை. அரசாங்கங்கள் புதிய சட்டத்தையோ மாநிலத்தையோ மாவட்டத்தையோ தொடங்கும்போது மாதத்தின் முதல் தேதியில் தொடங்குவது வழக்கம். கணக்கு வழக்குக்கும் சம்பளத்துக்கும் அதுதான் வசதி. 1956-ல் மொழிவழி மாநிலங்கள் நவம்பர் 1-ல் அமைந்ததும், சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டம் 1997 ஜனவரி 1-ல் தொடங்கியதும் அப்படித்தான். ஆகவே எந்த மாதத்திலும் 1-ம் தேதிக்குப் பலகை நிரம்பும். நடிகர் திலகம் சிவாஜி கணேசன் 1928 அக்டோபர் 1-ல் பிறந்தார் என்பது மட்டும்தான் அந்த நாளில் யாரும் திட்டமிடாத ஒன்று.

இந்தத் தேதியில் எனக்குப் பிடித்த இணைப்பு ராஜாஜி. 1937-ல் சேலம் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் அவர். 1953-ல் ஆந்திரா பிரிந்தபோது முதலமைச்சராக இருந்தவரும் அவரே. கள், சாராய வருமானம் போனதை ஈடுகட்ட 1939-ல் அவருடைய அரசு விற்பனை வரியைக் கொண்டுவந்தது. நம் மாவட்டத்தில் கள்ளுக்கடை மூடியதற்கும், பிறகு கடை ரசீதில் விற்பனை வரி என்று ஒரு வரி ஏறியதற்கும் இப்படி ஒரு நேர்த்தொடர்பு உண்டு.

தானா அமைஞ்ச நாளா, வேணும்னே வெச்ச நாளான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பிறப்பும் இறப்பும் தாமாக அமைபவை. தொடக்க விழா, அமலாக்கம், அறிவிப்பு இவையெல்லாம் பெரும்பாலும் பார்த்து வைப்பவை. இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

செப்டம்பர் 17 பெரியார் பிறந்த நாள் (1879). தி.மு.க. தொடங்கியது 1949 செப்டம்பர் 17. பெரியாரை விட்டுப் பிரிந்து வந்தவர்கள் அவர் பிறந்த நாளிலேயே கட்சியைத் தொடங்கினார்கள் என்பதில் ஓர் அரசியல் செய்தியே இருக்கிறது. தர்மபுரி மாவட்டம் சேலத்திலிருந்து 1965-ல் பிரிந்தது காந்தி ஜெயந்தியன்று, அக்டோபர் 2. அதுவும் பார்த்து வைத்த நாள். ஆனால் காமராஜர் 1975 அக்டோபர் 2-ல், காந்தி ஜெயந்தியன்றே கண்ணை மூடினாரே, அதை யாரும் வைக்கவில்லை.

பெரிய நாட்களும் இப்படித்தான். அரசியல் சாசனம் 1949 நவம்பர் 26-லேயே ஏற்கப்பட்டுவிட்டது. 1930 ஜனவரி 26-ல் காங்கிரஸ் முழு விடுதலை உறுதிமொழி எடுத்ததை நினைத்து, அமலாக்கத்தை 1950 ஜனவரி 26 வரை தள்ளி வைத்தார்கள். ஆகஸ்ட் 15-ஐத் தேர்ந்தெடுத்தவர் மவுண்ட்பேட்டன். 1945-ல் ஜப்பான் சரணடைந்த நாள் என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

ஒரே தேதியில ரெண்டு பெரியவங்க போயிட்டா அதுல ஏதோ இருக்குன்னு எங்க ஆயா சொல்றாங்க. நிஜமா அண்ணா?

டிசம்பர் 24-ஐ மனதில் வைத்துத்தான் பெரும்பாலும் இதைக் கேட்கிறார்கள். பெரியார் 1973-லும் எம்.ஜி.ஆர். 1987-லும் அதே டிசம்பர் 24-ல் காலமானார்கள். ராஜாஜி இறந்தது 1972 டிசம்பர் 25. வாழ்நாள் முழுக்க அரசியலில் எதிரெதிராக நின்ற நண்பரின் இறுதிச் சடங்குக்குச் சக்கர நாற்காலியில் வந்து அழுத பெரியார், சரியாக ஓராண்டு நிறைய ஒரு நாள் இருக்கும்போது தானும் போனார். படிக்கிறவர்களுக்கு மெய்சிலிர்க்கத்தான் செய்யும். அமெரிக்காவில் இதைவிடப் பெரிய ஒற்றுமை உண்டு. சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஜான் ஆடம்ஸ், தாமஸ் ஜெபர்சன் என்ற இரண்டு முன்னாள் அதிபர்களும் அந்தப் பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவான 1826 ஜூலை 4-ல், ஒரே நாளில் இறந்தார்கள். விவேகானந்தர் மறைந்ததும் ஜூலை 4-ல்தான், 1902-ல்.

ஆனால் கணக்கு என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஓர் அறையில் 23 பேர் இருந்தால், அவர்களில் இருவருக்காவது ஒரே பிறந்த நாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். 23 பேரை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 253 இணைகள் வருகின்றன, அதனால்தான். 40 பேர் உள்ள வகுப்பில் அந்த வாய்ப்பு 89 சதவீதம். தமிழ்நாட்டின் பெரியவர்கள் பட்டியலில் 40 பேர் மட்டுமா இருக்கிறார்கள்? ஒரே தேதியில் இருவர் விழாமல் இருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும். ஆயாவிடம் இதை மறுத்துப் பேச வேண்டாம். அந்த நாளில் இருவரையும் சேர்த்து நினைப்பது நல்ல பழக்கம். விதி என்று பயப்படுவதற்குத்தான் அதில் ஒன்றுமில்லை.

டிசம்பர் 26-ல பூமி ஆடும்னு வருஷா வருஷம் மெசேஜ் வருதே?

ஈரானின் பாம் நகரம் 2003 டிசம்பர் 26-ல் நிலநடுக்கத்தில் நொறுங்கியது. மறு வருடம் அதே தேதியில் சுமத்ரா நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் வந்தன. இந்த இரண்டை வைத்துத்தான் அந்தச் செய்தி சுற்றுகிறது. உலகில் 7 ரிக்டருக்கு மேற்பட்ட நிலநடுக்கங்கள் ஆண்டுக்குச் சராசரியாகப் பதினைந்து வரை வருகின்றன, எல்லா மாதங்களிலும். முந்தைய பதிலில் சொன்ன கணக்கே இதற்கும் பொருந்தும். தயவுசெய்து அதை மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள். கடலோரத்தில் உறவுகளை இழந்தவர்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

மேட்டூர் டேமோட பிறந்த நாள் ஜூன் 12 தானே?

இல்லை. மேட்டூர் அணை திறக்கப்பட்டது 1934 ஆகஸ்ட் 21-ல். அப்போதைய ஆளுநர் ஸ்டான்லியின் பெயரில் அதற்கு ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயர் வந்தது. ஜூன் 12 டெல்டாவின் குறுவைக்காகத் தண்ணீர் திறக்கிற வழக்கமான நாள். ஜனவரி 28-ல் மூடுவதும் அதே வழக்கத்தின் இன்னொரு முனை.

ஜூன் 12-ஐ நான் 'வழக்கமான நாள்' என்றுதான் பலகையில் எழுதுவேன், ஏனென்றால் அது தண்ணீரைப் பொறுத்தது. 2022-ல் நீர் நிறைய இருந்ததால் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் நீர் போதாமல் ஜூன் 12 வெறுமனே போனது. அணையின் முழுக் கொள்ளளவான 93.47 டி.எம்.சி.யும் 120 அடி மட்டமும் சேலத்துப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். இந்த இரண்டு தேதியையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம். முதல் கேள்வியில் வந்த மண்டேலாவுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது 1964 ஜூன் 12-ல். இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1975 ஜூன் 12-ல். அடுத்த இரண்டு வாரத்துக்குள் நெருக்கடி நிலை வந்தது.

தீரன் சின்னமலை நாளை ஜூலை 31-ல எழுதறீங்க. சங்ககிரியில ஆடிப் பதினெட்டுக்குத்தானே மாலை போடுறாங்க? எது சரி?

இரண்டும் சரி. இந்தப் பலகையில் எனக்குக் கிடைத்த மிக அழகான விடை இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். கம்பெனிப் படையோடு போரிட்ட சின்னமலை சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்ட நாள் 1805 ஜூலை 31 என்று ஆங்கிலத் தேதியில் பதிவாகியிருக்கிறது. ஊர்மக்கள் நினைவில் அது ஆடிப்பெருக்கு நாள். இன்றைக்கு ஆடி 18 வருவது ஆகஸ்ட் 2 அல்லது 3-ல். எனவே ஏதோ ஒன்று தவறு என்றுதான் முதலில் தோன்றும்.

தமிழ் ஆண்டு, சூரியன் நட்சத்திர மண்டலத்தில் ஒரு சுற்று வந்து சேரும் காலத்தை வைத்தது. ஆங்கில ஆண்டு பருவங்களின் சுழற்சியை வைத்தது. தமிழ் ஆண்டு ஆங்கில ஆண்டைவிட 20 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல் நீளம். சின்ன வித்தியாசம்தான், ஆனால் அறுபது எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் என்று சேர்ந்துகொண்டே போகும். 1805-லிருந்து இன்று வரை ஏறக்குறைய மூன்று நாள் தள்ளியிருக்கிறது. இப்போது ஜூலை 17 வாக்கில் பிறக்கும் ஆடி, அந்த ஆண்டு ஜூலை 14 வாக்கில் பிறந்திருக்கும். அங்கிருந்து பதினெட்டு நாள் எண்ணினால் ஜூலை 31-ஐ ஒட்டித்தான் போய் நிற்கிறது! ஊர் நினைவும் ஆங்கிலப் பதிவும் ஒரே நாளைத்தான் சொல்கின்றன.

சந்தேகம் இருந்தால் வேறொரு சாட்சியும் உண்டு. விவேகானந்தர் பிறந்தது 1863 ஜனவரி 12, மகர சங்கராந்தி நாளில். இன்று தை முதல் நாள் ஜனவரி 14 அல்லது 15-ல் வருகிறது. வள்ளலார் சித்தி பெற்ற 1874 ஜனவரி 30, ஸ்ரீமுக ஆண்டு தை 19. இப்போதைய தினசரி காலண்டரில் தை 19-ஐக் கிழித்துப் பாருங்கள், பிப்ரவரிக்குள் போயிருக்கும்.

அப்படின்னா தமிழ்த் தேதியிலேயே எழுதிடலாமே சார்?

எழுதலாம். ஆனால் உலகத்து நிகழ்வுகளை ஒரே வரிசையில் வைக்க ஒரே நாட்காட்டி வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், நம் மரபில் நாளைக் குறிப்பது ஒரே முறையில் இல்லை என்பது. ராஜராஜ சோழன் பிறந்த நாள் ஐப்பசி சதயம், அது நட்சத்திரக் கணக்கு. தீபாவளி திதிக் கணக்கு. ஆடி 18 மாதத்தின் நாள் கணக்கு. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவும் சேலம் குகைப் பகுதியின் வண்டி வேடிக்கையும் ஆடி மாதத்துக் கிழமையைப் பார்த்து வருபவை. கல்வெட்டுகளில் அரசரின் ஆட்சியாண்டு, மாதம், கிழமை, நட்சத்திரம் என்று கலந்து இருக்கும். அதிலிருந்து ஆங்கிலத் தேதியை எடுக்க வானியல் கணக்குத் தெரிந்தவர்கள் வேண்டும்.

அதனால் ஒரு வழி வைத்திருக்கிறேன். பலகையின் வரிசை ஆங்கிலத் தேதியில். தமிழ் நாள் தெரிந்திருந்தால் பக்கத்தில் வேறு நிறச் சாக்பீஸில். வள்ளலாரை ஜனவரி 30-லும் எழுதுவேன், தைப்பூசத்திலும் எழுதுவேன். ஜனவரி 30 காந்தி கொல்லப்பட்ட நாளும்கூட. 1874-லும் 1948-லும் அது வெள்ளிக்கிழமை.

ஷேக்ஸ்பியரும் செர்வான்டிசும் ஒரே நாள்ல செத்தாங்கன்னு பொது அறிவுப் புத்தகத்துல இருக்கு. தேர்வுல எழுதலாமா?

தேர்வில் கேட்டால் 1616 ஏப்ரல் 23 என்று எழுதுங்கள். யுனெஸ்கோ அந்த நாளை உலகப் புத்தக நாளாக வைத்ததற்கும் அந்த நினைவு ஒரு காரணம். ஆனால் உண்மையில் இருவரும் ஒரே நாளில் இறக்கவில்லை. ஸ்பெயின் அப்போது கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது, இங்கிலாந்து பழைய ஜூலியன் நாட்காட்டியிலேயே இருந்தது. ஷேக்ஸ்பியரின் ஏப்ரல் 23 ஸ்பெயின் கணக்கில் மே 3. செர்வான்டிஸ் இறந்தது ஏப்ரல் 22, அடக்கம்தான் 23 என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 'ஒரே தேதி' வேறு, 'ஒரே நாள்' வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

இதே காரணத்தால்தான் ரஷ்யாவின் அக்டோபர் புரட்சியை நவம்பர் 7-ல் எழுதுகிறேன். பழைய கணக்கில் அது அக்டோபர் 25. கிறிஸ்துமஸ் அன்று பிறந்தவர் என்று சொல்லப்படும் நியூட்டன் இன்றைய கணக்கில் 1643 ஜனவரி 4-ல் பிறந்தவர். நவம்பர் 7-க்கு நம் பக்கத்து மகிழ்ச்சி ஒன்றும் உண்டு: மேரி கியூரி (1867), சி.வி. ராமன் (1888) இருவருக்கும் அதுதான் பிறந்த நாள்.

அப்போ சேலத்துப் பழைய ஆவணத்துலயும் இந்த ரெட்டைத் தேதிக் குழப்பம் வருமா?

வராது. பிரிட்டன் 1752-ல் மாறிவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. சேலம் கம்பெனிக்குக் கீழே வந்தது 1792-ல்தான் என்று மேலே பார்த்தோம். எனவே நம் மாவட்டத்தின் கம்பெனிப் பதிவுகள் எல்லாமே புதிய நாட்காட்டியில்தான் இருக்கும். சென்னை கோட்டையின் பழைய ஆவணங்களைப் படிக்கிறவர்கள்தான் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

நிலாவுல கால் வெச்சது ஜூலை 20-ஆ 21-ஆ?

அமெரிக்க நேரப்படி இறங்கியதும் கால் வைத்ததும் 1969 ஜூலை 20. இந்திய நேரப்படி இரண்டுமே ஜூலை 21. கலம் இறங்கியபோது இங்கே அதிகாலை 1.47, ஆம்ஸ்ட்ராங் கால் வைத்தபோது காலை 8.26. ஹவாயில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது 1941 டிசம்பர் 7 ஞாயிறு காலை, அந்த நேரம் ஜப்பானில் டிசம்பர் 8 பிறந்துவிட்டது. நான் வைத்திருக்கும் முறை: நிகழ்வு நடந்த ஊரின் நேரம். நிலவுக்கு ஊர் நேரம் கிடையாது என்பதால் அதை மட்டும் ஜூலை 20-ல் எழுதி 'நமக்கு 21' என்று குறிப்பு சேர்க்கிறேன்.

பாரதியார் நினைவு நாள் செப்டம்பர் 11-ன்னு எங்க ஸ்கூல்ல, 12-ன்னு இன்னொரு இடத்துல. ஏன் இப்படி?

1921 செப்டம்பர் 11 இரவு, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில் அவர் உயிர் பிரிந்தது. விடியும் வரை முந்தின நாள் என்று எண்ணுவது நம் வழக்கம். அப்படிப் பார்த்தால் 11. நள்ளிரவோடு தேதி மாறும் அரசுப் பதிவில் 12. தமிழ்நாடு அரசு 'மகாகவி நாள்' என்று அறிவித்திருப்பது செப்டம்பர் 11. நானும் 11-ல் எழுதி, பதிவு 12 என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே எந்தக் கணக்கு என்று சொல்லாமல் வெறும் தேதியை எழுதினால்தான் தவறு.

செப்டம்பர் 11 ஏற்கெனவே பாரமான நாள். ஜோகன்னஸ்பர்க்கில் காந்தி தலைமையில் இந்தியர்கள் எதிர்ப்பு உறுதிமொழி எடுத்துச் சத்தியாக்கிரகம் தொடங்கிய நாள் (1906), சிகாகோவில் விவேகானந்தர் பேசிய நாள் (1893), இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்ட நாள் (1957), நியூயார்க் இரட்டைக் கோபுரம் விழுந்த நாள் (2001). வன்முறையின் நாளாக மட்டும் அதைப் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது என்று 1906-ஐ முதல் வரியில் எழுதுவேன்.

ராஜாஜியைச் சேலத்துக்காரர்னு எழுதறீங்க, தொரப்பள்ளி கிருஷ்ணகிரி மாவட்டம் ஆச்சே?

1878 டிசம்பர் 10-ல் அவர் பிறந்தபோது தொரப்பள்ளி சேலம் மாவட்டம். 1965-ல் தர்மபுரியோடு போனது. 2004 பிப்ரவரி 9-ல் கிருஷ்ணகிரி தனியானபோது அதில் சேர்ந்தது. ஊர் நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது. வக்கீல் தொழில் பார்த்ததும் நகராட்சித் தலைவராக இருந்ததும் சேலம் நகரத்தில்தான். ஆகவே 'அன்றைய சேலம் மாவட்டம்' என்று எழுதுகிறேன். நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளைக்கும் (1888 அக்டோபர் 19, மோகனூர்) அப்படியே.

ஏற்காட்டுக்கு ஏன் ஒரு நாள் கூட இல்லை?

ஏற்காட்டிலிருந்து வாழப்பாடி வரை பலர் வருத்தத்தோடு கேட்பது இது. ஏற்காட்டின் கதைக்கு ஆண்டுகள் இருக்கின்றன, பலகைக்கு வேண்டிய தேதி இல்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காப்பியையும் பேரி, ஆப்பிள் மரங்களையும் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்தார். முதல் காப்பிக் கன்று எந்த மாதம் எந்த நாள் மண்ணுக்குள் போனது என்று சொல்ல முடியாதபோது நானாக ஒரு நாளை வைப்பது சரியல்ல. சேர்வராயன் கோயில் திருவிழா வரும் மே மாதத்தில், தேதி போடாமல், மலையைப் பற்றிப் பலகையின் ஓரத்தில் எழுதுகிறேன்.

தேதி தெரியாத இடத்தில் ஜனவரி 1 என்று நிரப்பிவிடுகிற பழக்கம் இணையத்தில் நிறைய இருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்குப் பிறந்த நாள் மே, ஜூனில் இருப்பதையும் கவனியுங்கள். ஜூனில் பள்ளியில் சேர்க்கும்போது ஐந்து வயது நிறைந்தது போலத் தலைமையாசிரியர் போட்ட தேதி அது. மேலே சொன்ன 40 பேர் வகுப்புக் கணக்கை அப்படிப்பட்ட சான்றிதழ்களை வைத்துச் சோதித்தால் விடை இன்னும் கூடுதலாக வரும்.

பிப்ரவரி 29-ல யாராவது இருக்காங்களா?

மொரார்ஜி தேசாய், 1896. நூற்றாண்டுத் தொடக்கமான 1900 மிகுநாள் ஆண்டு இல்லை என்பதால், அவருடைய தேதி அடுத்து வந்தது 1904-ல்தான்.

வாட்ஸ்அப்ல வர்ற 'வரலாற்றில் இன்று' எல்லாம் நம்பலாமா? நீங்க எப்படிச் சரிபார்க்கிறீங்க?

மூன்று இடங்களில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. பத்திரிகை வெளிவந்த நாளை நிகழ்ந்த நாளாக எடுத்துக்கொள்வது முதலாவது. மாலையில் நடந்தது மறுநாள் பேப்பரில் வரும், ஒரு நாள் கூடிவிடும். அரசாணை பிறந்த நாள், அமலான நாள், விழா நடந்த நாள் மூன்றையும் ஒன்றாக நினைப்பது அடுத்தது. அரசியல் சாசனத்துக்கு நவம்பர் 26, ஜனவரி 26 என்று இரண்டு நாள் இருப்பதை மேலே பார்த்தோம். மூன்றாவது, சின்னமலை கேள்வியில் வந்த நாட்காட்டி வித்தியாசம்.

கிழமை ஒரு நல்ல சோதனை. 'வெள்ளிக்கிழமை, இன்ன தேதி' என்று பழைய குறிப்பில் இருந்தால், அந்த ஆண்டில் அந்தத் தேதி வெள்ளிதானா என்று கைப்பேசியிலேயே பார்க்கலாம். கிழமை பொருந்தவில்லை என்றால் எங்கோ பிசகியிருக்கிறது.

எங்க தெருவுல, எங்க பள்ளிக்கூடத்துல நடந்ததைக் கொடுத்தா பலகையில எழுதுவீங்களா?

கண்டிப்பாக. அதற்குத்தான் காத்திருக்கிறேன். ஏதாவது ஒரு தடயம் இருந்தால் போதும்: திறப்பு விழாக் கல்லின் புகைப்படம், பழைய அழைப்பிதழ், சங்கத்தின் மினிட்ஸ் நோட்டு, பாட்டி பத்திரப்படுத்திய தினசரி காலண்டர் தாள். காலண்டர் தாள்தான் எல்லாவற்றிலும் மேல். அதில் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை, நட்சத்திரம், திதி எல்லாம் சேர்ந்தே அச்சாகியிருக்கும். ஆண்டு கிழிந்து போயிருந்தாலும் இவற்றை வைத்து எந்த ஆண்டு என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.